வட ஆற்காட்டில் ஒரு கலைத்தெரு தேடி: திங்கள் முதல் ஞாயிறு வரை

திங்கள், வேலூர்

வேலூரில் கைவினைப் பட்டறையும் மாதாந்திர நிகழ்ச்சியுமாகக் கலைக்கென்று ஒரு தெரு வேண்டும் என்று பேச்செடுத்தால் எல்லோர் கையும் கோட்டைப் பக்கம்தான் நீளும். அகழி, புல்வெளி, மாலைக் காற்று, பஸ் வசதி எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் எதையும் கட்டலாம். நிரந்தர மேடை, கூரை, கழிப்பறை என்று திட்டம் போட்டால் முதல் படியிலேயே கோப்பு நின்றுவிடும். அந்தப் பக்கம் போனால் மருத்துவமனை. அதைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், ஒலிபெருக்கி வைக்கவே முடியாது. நகரத்தின் நடுப்பகுதியில் பெரும்பங்கு இப்படியே கழிந்துவிடுகிறது.

மிஞ்சுவது சந்துகளும் பேட்டைகளும்: லாங் பஜாருக்குப் பின்பக்கம், கஸ்பா, சைதாப்பேட்டை, சலவன்பேட்டை, கொசப்பேட்டை. அங்கேதான் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் அது நல்லதுதான். கோட்டைக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஜலகண்டேஸ்வரர் கோவிலின் கல்யாண மண்டபம் விஜயநகரக் காலத்திலிருந்து நிற்கிறது, சிற்பத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கருவறையில் சாமி இல்லாத காலமெல்லாம் அது பார்த்துவிட்டுப் போகிற இடமாகத்தான் இருந்தது. 1981ல் லிங்கம் திரும்பி வந்து அன்றாடப் பூசை தொடங்கிய பிறகு ஊர்க்காரர்கள் அன்றாடம் போகிற இடமாகிவிட்டது. கட்டடம் அதேதான், அன்றாட வேலை ஒன்று அதற்குள் வந்தது. கலைத்தெருவுக்கும் முதலில் வேண்டியது அப்படி ஓர் அன்றாட வேலை.

ஒரு தெருவைத் தேர்ந்தெடுக்குமுன் அதை மூன்று வேளை பார்க்க வேண்டும்: காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 9 மணி. காலையில் தண்ணீர்க் குடங்கள் எங்கே வரிசை கட்டுகின்றன, குப்பை வண்டி எந்த முனையில் நிற்கிறது, மண்டிக்கு வருகிற லாரி எதுவரை நுழைகிறது என்று தெரியும். மதியம் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது, எந்தத் திண்ணையில் யார் உட்காருகிறார்கள் என்று தெரியும். இரவில் தெருவிளக்கு எரியாத இடமும், பெண்கள் வேகமாக நடந்து கடக்கிற இடமும் தெரியும். இந்தக் கடைசிக் குறிப்புதான் முக்கியம். நிகழ்ச்சி முடிந்து 9 மணிக்கு அதே வழியாகத்தான் அவர்கள் வீடு திரும்ப வேண்டும்.

அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 20 அடிக்குக் குறைந்த தெருவில் பாயில் உட்கார வைத்தால் நடுவே வழி விட முடியாது. அப்படிப்பட்ட தெருவை எடுத்தால் இரண்டு முனையும் வெவ்வேறு சாலையில் திறக்க வேண்டும். முட்டுச்சந்து வேண்டவே வேண்டாம். ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ வந்தால் இரண்டு நிமிடத்தில் அகற்ற முடியாத எதையும் தெருவில் போடக்கூடாது. ஆணியடித்த பந்தலும் கால் நட்ட மேடையும் இதில் அடக்கம்.

செவ்வாய், கொசப்பேட்டை

ஆனி பிறந்தால் மண் வேலை செய்கிறவர்களுக்கு ஆவணிப் பிள்ளையார் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடுவார். பட்டறைக்காரர்களைத் தெருக் கலை வேலைக்கு அழைக்க வேண்டுமானால் சதுர்த்திக்கு முந்தைய ஒன்றரை மாதத்தை விட்டுவிடுங்கள். தை, மாசிதான் அவர்களுக்குக் கை ஓய்வு. ஐப்பசி, கார்த்திகையில் மண்ணும் காயாது, சூளையும் எரியாது.

ஏரி வண்டலை ஒருநாள் முழுக்க ஊறவைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்து மிதிக்க வேண்டும். மண்ணுக்கு மண் இந்த அளவு மாறும். ஒரு சின்ன உருண்டையைக் காயவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: மேலே வலைபோல வெடித்தால் மணல் போதவில்லை, விரலால் தேய்த்ததும் உதிர்ந்தால் மணல் அதிகம். சிலை வெடிப்பதற்கு மண்ணைவிடக் காற்றே பெரும்பாலும் காரணம். வாசல் பக்கம் பார்த்த முகம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், முதுகு ஈரமாகவே இருக்கும். நடுவில் கழுத்துப் பக்கம் கோடு விழும். இரண்டடிச் சிலையை ஈரச் சாக்கு போர்த்தி, தினம் கால்வாசித் திருப்பம் திருப்பி, ஒரு வாரம் பத்து நாள் நிழலிலேயே விட வேண்டும். ஃபேன் போட்டால் வெடிக்கும். வயிற்றுப் பகுதியைக் குடைந்து சுவர் கனம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாமல் வைத்தால் உள்ளும் புறமும் ஒன்றாகக் காயும். பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் சிலைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இடமில்லை. மண் தெரிந்த கைக்கு இதனால் மதிப்பு கூடியிருக்கிறது. தெருவில் அந்தக் கை இருந்தால் அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம்.

ஞாயிறு காலை சிறுவர் வகுப்புக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ மண் போதும். 20 பிள்ளைகளுக்கு 30 கிலோ, சிந்துவதற்கு 5 கிலோ கூடுதல். கை கழுவும் தண்ணீரை மட்டும் ஒருபோதும் சாக்கடையில் ஊற்றக்கூடாது. வண்டல் படிந்து இரண்டே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். எதிர்வீட்டு அம்மா அன்றோடு உங்களுக்கு எதிர்க்கட்சி ஆகிவிடுவார். மூன்று அன்னக்கூடை வரிசையாக வையுங்கள். முதலில் கையை அலச, இரண்டாவதில் கழுவ, மூன்றாவதில் முடிக்க. மறுநாள் மேலே தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மண்ணைத் திரும்பவும் பிசையலாம். குடியிருப்புக்கு நடுவே கலை வளர்வதும் நின்றுபோவதும் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான்.

சூளையும் அப்படித்தான். திறந்த சூளையின் புகை முதல் இரண்டு மணி நேரம்தான் கனமாக இருக்கும், ஈரம் வெளியேறுகிற நேரம் அது. துணி காயப்போடுகிற காலையில் மூட்டாமல் மாலை 4 மணிக்கு மேல் மூட்டுங்கள். முதல்நாளே இருபக்கமும் பத்துப் பத்து வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். பளபளப்புப் பூச்சு வேண்டுமென்றால் ஊருக்குள் முயல வேண்டாம். காட்பாடிக்கு அப்பால் கரிகிரிப் பக்கம் அந்தக் கைவேலைக்குப் பேர் உண்டு. தெருவில் சுட்ட பாண்டத்தை அங்கே கொண்டுபோய்ப் பூச்சுக்கென்று மறுபடி சுட்டு வாங்குவது மேல்.

ஏரி மண் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே வாங்கிக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் தொழில் அடையாளம் கேட்பார்கள். அதனால் தனியாளாகப் போவதைவிட மண்பாண்டத் தொழிலாளர் சங்கம் வழியாகப் போனால் அலைச்சல் குறையும்.

புதன், குடியாத்தம்

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அது முடிந்து ஊர் ஓய்ந்திருக்கிற நேரம் இது, நிதானமாகப் பேசிக் கேட்க ஏற்ற காலம். அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து உடலில் பொருத்தப்படும் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் யார் யாருக்கு எந்த வேலை என்பது பரம்பரையாகப் பிரிந்து கிடக்கிறது. வட ஆற்காட்டு ஊர்த் திருவிழாக்களுக்குப் பொதுவாக முதுகெலும்பு தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு, வசதியுள்ளவர் மேலே போட்டுக் கொடுப்பது தனிக்கணக்கு.

கலைத்தெருவுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது தொகை எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருப்பது. மாதம் 50 ரூபாய் என்றாலும் சரி, எல்லோரும் கொடுத்தால் எல்லோருக்கும் கேள்வி கேட்க உரிமை. ஒருவரே பெருந்தொகை கொடுத்தால் அடுத்த மாதம் நிகழ்ச்சி நேரத்தை அவர்தான் முடிவு செய்வார். விடக்கூடாத ஒன்றும் இருக்கிறது. பழைய வரியில் எந்தத் தெருவைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதில் சாதி ஒளிந்திருக்கும். புது ஏற்பாட்டில் வீட்டு எண் வரிசைப்படி பட்டியல் எழுதுங்கள், பின்சந்து உட்பட, வாடகைக்கு இருப்பவர் உட்பட.

வியாழன், ஆரணி

இந்தப் பயணத்தில் எல்லோரும் பார்க்க வேண்டியது எதுவென்றால் ஆரணியில் விடியற்காலை பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், போடுவதைச் சொல்லலாம்.

மூன்று சேலைக்கான பட்டுப் பாவு ஏறக்குறைய 60 அடி நீளம். எந்த வீட்டுக்குள்ளும் அதை நீட்ட முடியாது, தெருதான் வேண்டும். இரண்டு முனையிலும் கவட்டைக்கால் நிறுத்தி இழுத்துக் கட்டுகிறார்கள். இடையிடையே மூங்கில் கழி செருகி இழையைப் பிரிக்கிறார்கள். அரிசிக் கஞ்சியைத் தெளித்துப் பிரஷால் ஒரே திசையில் வருடிக்கொண்டே போகிறார்கள். அறுந்த இழை கண்ணில் பட்டால் நின்று, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்கிச் சேர்த்துவிட்டு நகர்கிறார்கள். வேலை நெய்கிறவர் ஒருவரால் ஆவதில்லை. இருபுறமும் ஆட்கள் வேண்டும். பக்கத்து வீட்டார் கை கொடுப்பார்கள், நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சீக்கிரம் காய்ந்து இழை விறைத்து அறும், காற்றடித்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

தெருவே பட்டறையாக இருக்கிற இடத்தில் சமூகம் என்று தனியாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அது ஏற்கனவே காலை 5 மணிக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருப்பதற்குத்தான் திட்டம் வேண்டும். கெடுப்பது எது என்று பார்த்தால் எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்: இரவில் நிறுத்திய பைக்கும் காரும், தெரு நடுவில் உயர்த்திப் போட்ட வேகத்தடை, தாழத் தொங்கும் கேபிள், அழகுக்கென்று வைத்த பூத்தொட்டியும் கல் பெஞ்சும். தெருவை அழகுபடுத்த வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான் இறங்குகிறார்கள். நெசவுத் தெருவில் 60 அடிக்கு ஒரு தடையும் இல்லாத நேர்க்கோடு இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். வாகனம் நிறுத்த வேறு இடம் ஒதுக்கிவிட்டு, காலை 5 முதல் 8 வரை தெருவுக்குள் வண்டி வராதபடி முனையில் ஒரு நகர்த்தும் தடுப்பு வைத்தால் போதும். பார்க்க வருகிறவர்கள் திண்ணைப் பக்கம் நிற்கட்டும். பாவைத் தொட வேண்டாம், கையின் வியர்வை பட்டால் பட்டில் கறை தெரியும்.

வெள்ளி இரவு, செய்யாறு பக்கம்

செய்யாறு பக்கத்துப் புரிசையின் பெயரை நாடகக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். கண்ணப்ப தம்பிரான் அங்கிருந்துதான் சென்னையின் நவீன நாடகக்காரர்களுக்குத் தெருக்கூத்தைக் கற்றுக்கொடுத்தார். 1989ல் மாவட்டம் பிரிந்த பிறகு இந்த ஊர்கள் திருவண்ணாமலைக் கணக்கில் வந்தாலும், கூத்துக்கு வட ஆற்காடு ஒரே நிலம்தான்.

திரௌபதி அம்மன் விழாவின் அமைப்பைக் கலைத்தெரு நடத்த நினைப்பவர் ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் அதே கதையின் கூத்து. அர்ச்சுனன் தபசன்று நட்ட மரத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஏறுவார், கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் காத்திருப்பார்கள். கடைசியில் படுகளம், மண்ணால் படுக்கவைத்த பிரமாண்டத் துரியோதனன். குயவர், வண்ணார், பூசாரி, கூத்து ஜமா (கூத்துக் குழு), வண்டிக்காரர் என்று எல்லாத் தொழிலும் ஒரே மைதானத்தில் வேலை செய்கிற நாள் அது.

நகரத் தெருவுக்கு ஜமாவை அழைக்கும்போது சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துப் பேசுவதுதான் முறை. போனில் தேதி கேட்டு உறுதி செய்வது உறுதியாகாது. ஜமாவில் 12 முதல் 15 பேர் இருப்பார்கள். வேஷம் கட்டுவதற்குக் குறைந்தது 10க்கு 15 அடி அறை வேண்டும். நல்ல வெளிச்சம், குழாய், வேஷம் கலைக்கத் தேங்காயெண்ணெயும் பழந்துணியும், கட்டைகளை வைக்க ஈரமில்லாத பாய். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. எடை குறைவு, ஈரம் பட்டால் கண்ணாடிச் சில்லும் காகிதமும் உரிந்துவிடும். ஆனி, ஆடி மாலைகளில் இந்தப் பக்கம் திடீர் மழை சகஜம் என்பதால் அந்த அறை ஆடுகளத்திலிருந்து ஓடிவரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எந்தக் கதை என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் ஜமாவை நடத்துகிற வாத்தியாரைக் கேளுங்கள். கர்ண மோட்சம் பெரும்பாலும் கருமாதிக்கு ஆடுவது. அதைத் தெருத் தொடக்க விழாவுக்குக் கேட்டால் பெரியவர்கள் முகம் மாறிவிடும். திரௌபதியின் சேலையை உரியும் கதையான ‘துகில்’, விரதத்தோடு சேர்ந்தது, அது கோவில் களத்துக்குரியது. முதல் நிகழ்ச்சிக்கு வில் வளைப்பு பொருந்தும், திரௌபதி கல்யாணத்தில் முடிகிற கதை. பிள்ளைகள் அதிகம் இருந்தால் பகாசுரன் கதை, சோற்று வண்டிக் காட்சிக்குத் தெருவே குலுங்கும்.

பெரிய சிக்கல் நேரம். கூத்து விடிய விடிய நடப்பது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே நகரத்தில் மாலை 6.30க்குத் தொடங்கி 9.30க்கு முடிகிற மூன்று மணி நேரக் கூத்துதான் நடக்கும். எதைக் குறைப்பது? திரைக்குப் பின்னிருந்து ஒவ்வொரு வேஷமும் பாடி, ஆடி, திரை விலக்கி வெளிப்படுகிற வரவைக் குறைக்கக் கூடாது. கூத்தின் உயிர் அங்கே இருக்கிறது. கதைக்குள் வேஷங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லலாம், கோமாளியாக வந்து கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் பேச்சை அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். 20 அடித் தெருவில் இருபுறச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். நாதசுரம் போன்ற சின்னக் குழலான முகவீணைக்கு மைக்கே வேண்டாம். களத்துக்கு மேல் எட்டடி உயரத்தில் இரண்டு மைக், ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டத்தின் பக்கம் கீழ்நோக்கிச் சாய்த்தால் போதும்.

சனி, மீண்டும் வேலூர்

மின்சாரக் கணக்கு பலரும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 50 வாட் எல்இடி விளக்கு நான்கு, 500 வாட் ஆம்ப்ளிஃபயர், மிக்சர், மின்விசிறி எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கும். நான்கு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 4 யூனிட். ஒரு வீட்டிலிருந்து சப்-மீட்டர் வைத்து எடுத்து, மாதாமாதம் வீட்டை மாற்றி, ரீடிங் பார்த்து அன்றே பணம் கொடுத்துவிடுங்கள். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது திருட்டு, உயிருக்கும் ஆபத்து. 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று இழைச் செம்பு வயர், தொடக்கத்தில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடும் சுவிட்ச். ஈரத் தெருவில் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதில் சமரசமே கூடாது.

200 பேர் பாயில் உட்கார ஆளுக்கு 4 சதுர அடி வீதம் 800 சதுர அடி, அதாவது 20 அடித் தெருவில் 40 அடி நீளம், நடுவே விடும் வழிக்கு இன்னும் கொஞ்சம். குடிநீர் 20 லிட்டர் கேன் ஐந்து, கோடையில் எட்டு. கழிப்பறை பெண்களுக்குக் குறைந்தது மூன்று வேண்டும். தெரு வீடுகளில் யார் திறந்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வாசலில் துணிக்கொடி கட்டிவிட்டால் கூச்சமில்லாமல் போவார்கள்.

சுவர் ஓவியம் பற்றி இரண்டு வார்த்தை. பழைய சுண்ணாம்புச் சுவரில் நேராக எமல்ஷன் அடித்தால் முதல் மழையில் அப்பளமாக உரியும். கம்பித் தூரிகையால் தேய்த்து, விரிசல் அடைத்து, வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட், மேலே எமல்ஷன் இரண்டு கோட். புதுப் பூச்சுச் சுவர் என்றால் 28 நாள் பொறுங்கள். தரையிலிருந்து இரண்டடிக்கு ஓதம் ஏறும். அங்கே ஓவியம் வேண்டாம், காவிப் பட்டை மட்டும் அடித்தால் ஆண்டுக்கொருமுறை மறுபடி அடித்துக்கொள்ளலாம். வேலூர் வெயிலில் மேற்குச் சுவரைக் காலை 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும், சுட்ட சுவரில் பெயின்ட் பிடிக்காது. வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கும்போது எத்தனை ஆண்டுக்கு, அழிக்கிற உரிமை யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

ஞாயிறு, வேலூர்

வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள். வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் 2022ல் விதிமுறை வந்துவிட்டது. தெருவை மூட, விளக்குப் போட, கூடுதல் குப்பை வண்டி கேட்க அதுதான் வழி. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் தனியாக எழுத்து அனுமதி வேண்டும். கலைஞர்களை நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யத் தெருவிலேயே ஒரு நாள் முகாம் போடுங்கள். வாரியம் 2007லிருந்து இருந்தும் அட்டை இல்லாத கலைஞர்கள் ஏராளம்.

தெருக் கூட்டத்தை ஞாயிறு மாலை 5 மணிக்கு வையுங்கள், காலையில் பெண்கள் வரமுடியாது. கூட்டத்தில் முதல் கேள்வி, "எங்க வீட்டுப் பசங்க படிக்கிற நேரத்துல சத்தம் போட்டா எப்படிங்க?" என்றுதான் வரும். பதில் கையில் இருக்க வேண்டும்: மாதம் ஒரே ஒரு மாலை, பௌர்ணமிக்கு முந்தைய சனி, 9.30க்கு முடியும், மார்ச் மாதம் தேர்வுக்காக நிகழ்ச்சியே இல்லை. மாறாத நாள் என்றால் ஆறு மாதத்தில் தெருவே அதை எதிர்பார்க்கும். நாள் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சண்டை போட வேண்டும். பொறுப்பு மூன்று பேருக்கு, ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறுவார், ஒருவராவது வாடகைக் குடித்தனக்காரர். கணக்கை நிகழ்ச்சி முடிந்த 48 மணி நேரத்துக்குள் தெருமுனைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுங்கள்: வரவு, செலவு, மீதி, மீதி யார் கையில். வாட்ஸ்அப்பில் போட்டால் பாட்டிகள் பார்க்க மாட்டார்கள், கேள்வி கேட்பவர்களே அவர்கள்தான்.

வாடகையைப் பற்றி நிகழ்ச்சி நன்றாகப் போக ஆரம்பிக்குமுன்பே பேச வேண்டும். தெருவுக்குப் பேர் வந்ததும் முதலில் காலி செய்யச் சொல்லப்படுவது பட்டறைதான். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வழக்கமான 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதில் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு என்று எழுதி சார்பதிவாளரிடமும் பதிவு செய்யுங்கள். முத்திரைத் தாள் செலவைத் தெரு நிதியிலிருந்து கொடுக்கலாம். முதல் ஆண்டு நிதியில் பெயின்ட்டுக்கு ஒதுக்குமுன் இதற்கு ஒதுக்கிவிடுங்கள். குயவர் சக்கரத்துக்கும் தறிக்கும் முதலில், ஓவியக்காரர்களின் ஸ்டுடியோவுக்கு அப்புறம்.